சின்ன ஓ-வைப் பெரிதாக்கினால் பாஸ்ஜீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். போன வாரம், செருப்புப் பெட்டிக்குள் பொட்டலமாகப் போட்டுத் தருகிறார்களே, ஈரத்தை உறிஞ்சும் அந்தச் சிலிகா ஜெல் மணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காய்ந்திருக்கும்போது நீலமாகவும் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகவும் மாறுகிற மணிகளில் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சரி, அந்த வகை மணிகளில் அதுதான் இருக்கும். எளிமையாக எழுதியிருந்தார்கள், படமும் நன்றாக வந்திருந்தது. ஆனால் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கட்டம் கட்டி, அதற்குள் அந்தப் பொருளின் வாய்ப்பாட்டை முழுக்க முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்திலேயே போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நீங்கள் அச்சிட்டிருப்பது கோபால்ட் குளோரைடு இல்லை. பாஸ்ஜீன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோபால்ட்டின் குறியீடு பெரிய சி, பக்கத்தில் சின்ன ஓ. இரண்டும் சேர்ந்துதான் ஒரு தனிமம். அந்த ஓ-வைப் பெரிதாக்கிய உடனேயே கோபால்ட் காணாமல் போய், கார்பனும் ஆக்சிஜனும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பின்னால் உள்ள இரண்டு குளோரினையும் சேர்த்துப் படித்தால் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரின். அதுதான் பாஸ்ஜீன், முதல் உலகப் போரில் நச்சு வாயுவுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்த வாயு. செருப்புப் பெட்டிக்குள் பாஸ்ஜீன் பொட்டலம் போட்டுத் தருகிறார்கள் என்று ஒரு நாளிதழ் எழுதினால் எப்படி இருக்கும்? வேதியியல் தெரிந்தவர் கண்ணுக்கு அந்தக் கட்டம் அப்படித்தான் படும்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளன். பேராசிரியர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. பாட்டிலில் லேபிள் ஒட்டுவது, கரைசல் தயாரிப்பது, எது தீர்ந்துவிட்டது என்று பட்டியல் எழுதுவது, இதுதான் என் வேலையாக இருந்தது. பெயரும் வாய்ப்பாடும் சரியாக இல்லாத பாட்டிலைத் தொடாதே என்பது அங்கே முதல் நாளே காதில் விழுகிற பாடம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. இன்னொன்று, இந்தக் கடிதத்தில் ஒரு வாய்ப்பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்கள் அலுவலகக் கணினி அதையும் பெரிதாக்கிவிடும், அப்புறம் நானும் பாஸ்ஜீன் விற்றவன் ஆகிவிடுவேன். எத்தனை கோபால்ட், எத்தனை குளோரின் என்று வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்.

இந்த எழுத்துக் குழப்பத்தின் உச்சம் எது தெரியுமா? டைகோபால்ட் ஆக்டாகார்பனைல் என்று ஒரு சேர்மம் உண்டு, ஆரஞ்சு நிறப் படிகம். இரண்டு கோபால்ட், அவற்றோடு எட்டு கார்பன் மோனாக்சைடு. அதன் வாய்ப்பாட்டில் கோபால்ட்டின் சின்ன ஓ-வும் வரும், கார்பன் மோனாக்சைடின் பெரிய ஓ-வும் வரும், இரண்டும் அடுத்தடுத்து. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிப் பாருங்கள், முதல் பாதி கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். கோபால்ட் கார்பனேட்டிலும் இப்படியே கோபால்ட் காணாமல் போய்விடும்.

இது அச்சுப்பிழை, அடுத்த நாள் திருத்திவிடலாம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. நீல மணிக்கும் இளஞ்சிவப்பு மணிக்கும் ஒரே பெயர், ஒரே வாய்ப்பாடு கொடுத்திருந்தீர்கள். ஒரே பொருளாக இருந்தால் நிறம் ஏன் மாறப்போகிறது?

நீலம் என்பது நீரற்ற கோபால்ட் குளோரைடு, ஒரு கோபால்ட், இரண்டு குளோரின், அவ்வளவுதான். ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்தால் பெரும்பாலும் கையில் கிடைக்கிற இளஞ்சிவப்புப் படிகம் அது இல்லை, அதில் ஒவ்வொரு கோபால்ட்டுக்கும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் உண்டு, ஹெக்சாஹைட்ரேட்டு என்பார்கள். வாய்ப்பாட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதன் பின்னால் ஆறு தண்ணீர் என்று எழுதுவார்கள். அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதாக, இரண்டு தண்ணீர் மட்டும் உள்ள ஊதா நிறப் படிகமும் இருக்கிறது. அந்த ஆறு தண்ணீரிலும்கூட எல்லாம் ஒன்றுபோல இல்லை, நான்குதான் கோபால்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, இரண்டு சும்மா படிகத்துக்குள் தங்கியிருக்கின்றன. கோபால்ட்டோடு ஒட்டியிருக்கிற மற்ற இரண்டு இடமும் குளோரினுக்கு. படிக நீர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம், உள்ளே இப்படி ஒரு குடும்பக் கணக்கு ஓடுகிறது.

எடையைப் பாருங்கள். நீரற்ற உப்பின் மோலார் நிறை, அதாவது ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணுவதற்கு வேதியியலில் வைத்திருக்கும் அளவு) உப்பின் எடை, 129.84 கிராம். ஆறு தண்ணீர் சேர்ந்தது 237.93 கிராம். முதலாவதில் எடையில் சுமார் 45 சதவீதம் கோபால்ட், இரண்டாவதில் 25 சதவீதம்கூட முழுதாக வராது. வேலையில் சேர்ந்த புதிதில் நானே இதில் மாட்டிக்கொண்டேன். ஒரு லிட்டருக்கு 0.1 மோல் கரைசல் வேண்டும் என்று சீட்டு வந்தது, சீட்டில் வெறும் கோபால்ட் குளோரைடு என்றுதான் இருந்தது, நானும் புத்தகத்தைப் பார்த்து 12.98 கிராம் நிறுத்துப் போட்டேன். பாட்டிலில் இருந்தது ஆறு தண்ணீர் உப்பு. 23.79 கிராம் போட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் செய்முறைக்கு வந்த மாணவர்கள் அத்தனை பேருக்கும் கரைசல் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலான செறிவில்தான் போய்ச் சேர்ந்தது, யாருடைய முடிவும் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை, திட்டு எனக்கு. அன்றிலிருந்து தண்ணீர் எத்தனை என்று கேட்காமல் தராசைத் தொட்டதில்லை.

தண்ணீர் எத்தனை என்பதற்கு எளிய விதி ஏதாவது உண்டா என்றால் மனப்பாடம்தான். வழக்கமாகக் கிடைக்கும் கோபால்ட் நைட்ரேட்டுக்கு ஆறு, சல்பேட்டுக்கு ஏழு, அசிட்டேட்டுக்கு நான்கு.

அடுத்தது ரோமன் எண். கோபால்ட் இரண்டு குளோரைடு என்று வேதியியல்காரர்கள் சொல்வதும், அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் இரண்டு போடுவதும் இரண்டு கோபால்ட் இருக்கிறது என்பதற்காக இல்லை. அது கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது அந்தச் சேர்மத்தில் ஒரு கோபால்ட் அணு எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு வைக்கிறோமோ அந்த எண், ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்த முறை. அதற்கு முன்னால் கோபால்டஸ், கோபால்டிக் என்று வாலை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பழைய பாட்டில்களில் இன்னும் அந்தப் பெயர் இருக்கும். இரண்டு என்றால் கோபால்டஸ், மூன்று என்றால் கோபால்டிக்.

உங்கள் கட்டத்தில் அந்த எண்ணை விட்டுவிட்டீர்கள். குளோரைடில் விட்டால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வெறும் கோபால்ட் மூன்று குளோரைடு நிலையில்லாதது, கடையில் வாங்குகிற பாட்டிலில் நிற்காது. ஃபுளோரைடில் விட முடியாது, அங்கே கோபால்ட் மூன்று ஃபுளோரைடும் நன்றாகவே நிற்கும், பழுப்பு நிறம், மற்றப் பொருட்களில் ஃபுளோரினை ஏற்றுவதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆக்சைடுக்கு வந்தால் இன்னும் சிக்கல். ஒரு கோபால்ட், ஒரு ஆக்சிஜன் என்றால் ஆலிவ் பச்சை. மூன்று கோபால்ட், நான்கு ஆக்சிஜன் என்றால் கறுப்பு. இந்தக் கறுப்பில் இருக்கிற மூன்று கோபால்ட்டில் ஒன்றுக்கு ஆக்சிஜனேற்ற எண் இரண்டு, மீதி இரண்டு கோபால்ட்டுக்கும் அந்த எண் மூன்று, அதனால் பெயரிலேயே இரண்டு, மூன்று என்று இரண்டு எண்ணையும் போட வேண்டியிருக்கிறது. சும்மா கோபால்ட் ஆக்சைடு என்று எழுதினால் எது என்று எப்படித் தெரியும்?

அப்புறம் நம் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை, இதை உங்கள் பிழை திருத்துபவர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு. மூன்றும் மூன்று வேறு பொருள். முதலாவதில் கந்தகம் மட்டும், இரண்டாவதில் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன், மூன்றாவதில் நான்கு. சல்பைடுக்கும் சல்பைட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புள்ளி வைத்த ட், அதை விட்டாலும் சேர்த்தாலும் தமிழ்க் கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது. கோபால்ட் சல்பைடு கறுப்பு, தண்ணீரில் கரையாது. கோபால்ட் சல்பேட்டு, அதாவது ஏழு தண்ணீர் உள்ளது, சிவப்பு, தாராளமாகக் கரையும். நைட்ரைடு, நைட்ரைட்டு, நைட்ரேட்டுக்கும் இதே கதை. கோபால்ட் என்றே எழுதுங்கள், கோபால்ட்டு என்றே எழுதுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை, முன்னால் இருப்பது எப்படி எழுதினாலும் அதே தனிமம்தான். பின்னால் வருகிற வாலில் கை வைக்காதீர்கள்.

பெயரும் வாய்ப்பாடும் சரியாக இல்லாததால் வேதியியலே பல காலம் தடுமாறி நின்ற இடமும் கோபால்ட்தான். கோபால்ட் குளோரைடோடு அம்மோனியா சேர்த்துக் காற்றுப்படச் செய்தால் அழகழகான நிறத்தில் உப்புகள் கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அவற்றுக்கு நிறத்தை வைத்தே பெயர் சூட்டினார்கள். மஞ்சள் நிறத்துக்கு லூட்டியோ, செம்ஊதாவுக்குப் பர்ப்யூரியோ, பச்சைக்குப் பிராசியோ, ஊதாவுக்கு வயலியோ. வாய்ப்பாட்டைப் புள்ளி போட்டுத்தான் எழுதினார்கள், ஒரு கோபால்ட், மூன்று குளோரின், புள்ளி, ஆறு அம்மோனியா. அடுத்ததில் ஐந்து அம்மோனியா, பச்சையில் நான்கு. அம்மோனியாவின் இடத்தில் வேறொரு பொருள் உள்ள இதே மாதிரி உப்புகளில் பச்சைக்கும் ஊதாவுக்கும் வாய்ப்பாடு அச்சு அசல் ஒன்று, நிறம் மட்டும் வேறு; அம்மோனியாவிலேயே ஊதா அப்போது யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. என்ன செய்வது?

இன்னொரு புதிரும் கூடவே இருந்தது. இவற்றின் கரைசலில் சில்வர் நைட்ரேட்டு விட்டால் குளோரின் வெள்ளையாக வீழ்படியும். மஞ்சள் உப்பில் மூன்று குளோரினும் படிந்துவிடுகின்றன. செம்ஊதாவில் இரண்டு மட்டும். பச்சையில் ஒன்றே ஒன்று. மூன்று குளோரினும் ஒரே மாதிரி இருந்தால் இப்படி நடக்காதே. 1893-ல் சூரிச் நகரில் ஆல்ஃபிரட் வெர்னர் என்ற 26 வயது இளைஞர் இதற்கு ஒரு விடை சொன்னார். கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடம் இருக்கிறது, எட்டு முகம் கொண்ட எண்முகி என்ற வடிவத்தின் ஆறு மூலைகளைப் போல. அந்த இடங்களில் உட்கார்ந்தவை கோபால்ட்டை விட்டு எளிதில் போகாது, வெளியே நிற்கிற குளோரின்தான் வெள்ளியோடு படியும் என்றார். இன்று அந்த ஆறு இடத்தையும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். மஞ்சளில் உள்ளே ஆறு அம்மோனியா, வெளியே மூன்று குளோரின். செம்ஊதாவில் உள்ளே ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரினும், வெளியே இரண்டு. பச்சையில் உள்ளே நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும், வெளியே ஒன்று, ஊதாவிலும் அப்படியேதான் இருக்க வேண்டும். மேலே சொன்ன படிவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

பச்சைக்கும் ஊதாவுக்கும் என்ன வித்தியாசம்? உள்ளே இருக்கிற இரண்டு குளோரினும் எதிரெதிர் மூலையில் இருந்தால் பச்சை, பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஊதா. டிரான்ஸ், சிஸ் என்று பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வருகிறதே, அதுதான் இது. அந்தச் சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டினால் பச்சை எது, ஊதா எது என்று சொல்ல வழியே இல்லை. வெர்னர் சொன்னதை எல்லாரும் உடனே ஏற்கவில்லை, டென்மார்க்கின் ஜோர்கன்சன் போன்ற பெரியவர்கள் எதிர்த்தார்கள், அவரும் சாதாரண ஆள் இல்லை, இந்த உப்புகளில் பலவற்றைத் தயாரித்துக் காட்டியவரே அவர்தான். 1907-ல் வெர்னர் அதுவரை கிடைக்காத அந்த அம்மோனியா ஊதா உப்பையே தயாரித்துக் காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது. 1913-ல் நோபல் பரிசு. ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் இவ்வளவு இருக்கிறது ஐயா, உங்கள் பக்கத்தில் அதைச் சாதாரண வளைந்த அடைப்புக்குறியாக மாற்றிப் போட்டதையும் முன்பொரு தடவை பார்த்திருக்கிறேன், அப்போது எழுதவில்லை, இப்போது சேர்த்து எழுதுகிறேன்.

எண்களையும் பார்த்துப் படிக்க வேண்டும். கோபால்ட் 60 என்பது கதிரியக்க ஐசோடோப்பு, 60 என்பது நிறை எண் (அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை), அது ஒரு சேர்மத்தின் பெயரே இல்லை. வைட்டமின் பி12-ல் இருக்கிற 12-க்கும் கோபால்ட் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் கிடையாது. சயனோகோபாலமின் என்ற அந்தப் பெரிய மூலக்கூறில் 63 கார்பன், 88 ஹைட்ரஜன், 14 நைட்ரஜன், 14 ஆக்சிஜன், ஒரு பாஸ்பரஸ், இவ்வளவுக்கும் நடுவில் கோபால்ட் ஒன்றே ஒன்று. அதன் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டுபிடித்தவர் டோரதி ஹாட்ஜ்கின், அவருக்கு 1964-ல் நோபல். வெளியாட்களுக்கு இன்னொரு பொறி கோபால்டைட் என்ற சொல். சுரங்கத்துக்காரருக்கு அது கோபால்ட், ஆர்சனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்த தாது. பேட்டரிக்காரர் லித்தியம் கோபால்டைட் என்றால் அது லித்தியம், கோபால்ட், இரண்டு ஆக்சிஜன், அதில் ஆர்சனிக் துளியும் இல்லை. கோபால்ட் என்ற பெயரே ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் திட்டிவைத்த பெயர்தான், கோபோல்ட் என்றால் அவர்கள் ஊர்க் குட்டிச்சாத்தான். தாதுவை வெட்டி உருக்கினால் எதிர்பார்த்த உலோகம் வராமல் ஆர்சனிக் புகைதான் வந்ததாம். குட்டிச்சாத்தான் இன்னும் போகவில்லை, இப்போது அச்சுக்கூடத்தில் இருக்கிறது.

இவ்வளவு பார்த்தால் வாசகருக்குத் தலைசுற்றாதா, எளிமையாகச் சொல்வதுதானே நாளிதழின் வேலை என்று நீங்கள் கேட்கலாம். எளிமையாகச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? வாய்ப்பாடே போடாமல் நிறம் மாறும் கோபால்ட் உப்பு என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வாய்ப்பாடு போட்டால் முழுசாகப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதுவும் இந்தக் குறிப்பிட்ட உப்பு விளையாட்டுப் பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் இதை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது, புற்றுநோய் அபாயம் காரணமாக. கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணிகள் பரவலாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று லேபிளைத் தேடிப் படிக்கிற ஒருவர் உங்கள் கட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்கள் வேலையைக் குறைக்க, திருத்தத்தையும் நானே எழுதித் தருகிறேன். “சென்ற வார அறிவியல் பக்கத்தில் கோபால்ட் குளோரைடின் வாய்ப்பாடு தவறாக அச்சாகிவிட்டது. நீல நிறப் பொருள் நீரற்ற கோபால்ட் இரண்டு குளோரைடு: ஒரு கோபால்ட், இரண்டு குளோரின். அதன் படிகம் ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகும்போது அதே உப்போடு ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்கின்றன. கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாவது எழுத்து சின்ன எழுத்து.” நான்கு வரிதான், அந்த மஞ்சள் கட்டத்தை விடச் சின்னது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்

பி.கு.: நேராகக் கோபால்ட்டோடு ஒட்டிய அம்மோனியாவுக்குப் பெயரில் அம்மீன் என்றுதான் வரும், மேலே சொன்ன மஞ்சள் உப்பின் முழுப் பெயர் ஹெக்சாஅம்மீன்கோபால்ட் மூன்று குளோரைடு. அமீன் என்பது கரிம வேதியியலில் வேறு குடும்பம். பிழை திருத்துபவர் அதில் உள்ள ம் கூடுதலாக விழுந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம்.